மதுபோதையில் வாகனம் ஓட்டுவோர் எல்லோரும் ஒரே வகையினரா?

கமத்தை நம்பி வாழ்ந்த எமது குடும்பங்கள் யுத்தத்தினால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது, மண்வெட்டி பிடித்த கைகளுக்கு இந்நகரம் கொடுத்த தொழில்கள் மிகச் சிலவே. புறக்கோட்டையில் மூட்டை சுமத்தல், கடைகளில் சிப்பந்தி வேலை, இரவுக் காவல் என்பவற்றோடு வாகனம் ஓட்டுதலும் அவற்றுள் ஒன்று. ஊரில் உழவு இயந்திரம் ஓட்டியவருக்கு முச்சக்கரவண்டி ஓட்டப் பழகுவது கடினமன்று. கொட்டாஞ்சேனையின் சந்திகளிலும், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் முகப்புகளிலும் உள்ள ஓட்டோத் தரிப்பிடங்களில் ஊர்ப்பெயர் சொல்லி விசாரித்தால் எமது மக்களைக் காணலாம்.

இப்படியான ஒரு குடும்பத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் என்பது ஊரில் இருந்த காணி உறுதிக்குச் சமமானது. பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, வண்டிக்குக் கட்டவேண்டிய லீசிங் பணம் எல்லாமே அதில்தான் தங்கியிருக்கின்றன. ஓர் இரவு பொலிசார் வண்டியை மறித்து, சாரதி மது அருந்தியிருப்பதைக் கண்டுபிடித்தால் அந்த உறுதி கைவிட்டுப் போகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, பொலிசார் மறிப்பதற்கு முன்பே விபத்து நடந்துவிடுவதாகும். இலங்கையில் பல்வேறு காரணங்களால் ஏற்படும் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். மதுவினால் ஏற்படும் விபத்துகள் தவிர்க்கக்கூடியவை.

இவ்வாறு பிடிபடுவோர் யார்? எல்லோரும் குடிக்கு அடிமையானவர்களா? எல்லோரும் பொறுப்பற்றவர்களா? ஒருவருக்குச் சொல்லும் புத்தி மற்றவருக்கும் பொருந்துமா? இக்கேள்விகளுக்குப் புள்ளிவிபரவியலின் துணையோடு விடை தேடிய ஆய்வுகள் பல உள. அவை பெரும்பாலும் வெளிநாடுகளில் நடந்தவை. ஆயினும் எமது குடும்பங்களும் பங்குச் சமூகங்களும் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

சட்டமும் பலூனும்

இலங்கையில் இக்குற்றம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தினாலும் அதன் திருத்தங்களாலும் ஆளப்படுகிறது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே இங்குள்ள எல்லை. இந்தியாவில் இந்த எல்லை 30 மில்லிகிராம் மட்டுமே. குற்றவாளியாகக் காணப்படுபவருக்கு ஆகக்குறைந்த தண்டப்பணம் 25,000 ரூபா. சிறைத்தண்டனையும் விதிக்கப்படலாம், அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். ஒருவருக்குக் காயம் அல்லது மரணம் ஏற்பட்டிருந்தால் தண்டனை மிகக் கடுமையாகும்.

80 மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஒரு கால்போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 50 கிராம் மதுசாரம் உண்டு. 60 கிலோ நிறையுள்ள ஓர் ஆண் அதைச் சிறிது நேரத்துக்குள் குடித்து முடித்தால், அவரது இரத்தத்தில் மதுசாரம் 120 மில்லிகிராம் வரை ஏறக்கூடும். எனவே, கால்போத்தல் ஒன்றே எல்லையைத் தாண்டப் போதுமானது. ஈரல் அதை மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதமே குறைக்கிறது. தேசிக்காய், மோர், பிளேன் ரீ, தலைக்குத் தண்ணீர் வார்த்தல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டமாட்டா.

இந்தக் கணக்கைச் சற்று நீட்டிப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு அரைப்போத்தலை முடித்துவிட்டுப் படுப்பவரின் இரத்தத்தில் 240 மில்லிகிராம் வரை இருக்கலாம். காலை ஆறு மணிக்கு அவர் முகம் கழுவி, திருநீறு பூசியோ சிலுவை அடையாளம் இட்டோ பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் புறப்படும்போது, இன்னும் 120 மில்லிகிராம் மிஞ்சியிருக்கும். "நான் இண்டைக்கு ஒரு துளியும் குடிக்கேல்லை" என்று அவர் சொல்வது உண்மை. ஆனால் பலூனும் பொய் சொல்லாது.

பலூன் முறையிலான சோதனையில், ஊதும் குழாயிலுள்ள மஞ்சள் நிறத் துணிக்கைகள் மதுசார ஆவி பட்டதும் பச்சையாக மாறுகின்றன. இப்போது மின்னணுக் கருவிகளும் பாவனையில் உள்ளன. எந்தக் கருவியானாலும் அது சொல்வது ஒன்றே: இவரது உடலில் இவ்வளவு மதுசாரம் இருக்கிறது. அந்த அளவு முக்கியமானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் 1962 – 63இல் ரொபேட் போர்க்கன்ஸ்ரைன் என்பவரின் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. விபத்தில் சிக்கிய ஏறக்குறைய 6,000 சாரதிகளையும், விபத்தில் சிக்காத 7,500க்கு மேற்பட்ட சாரதிகளையும் அது ஒப்பிட்டது. மது அருந்தாதவரை விட, 100 மில்லிகிராம் உள்ளவர் விபத்தை ஏற்படுத்தும் ஆபத்து ஆறேழு மடங்கு எனவும், 150 மில்லிகிராமில் அது ஏறக்குறைய 25 மடங்கு எனவும் அதிலிருந்து தெரியவந்தது. குடித்தவர் நல்லவரா கெட்டவரா என்பதை வீதி கேட்பதில்லை.

ஆனால் அவர் ஏன் குடித்தார், ஏன் அந்த நிலையில் வண்டியை எடுத்தார், மீண்டும் எடுப்பாரா என்பதைப் பலூன் சொல்லாது. அதனை அறியவே வகைப்படுத்தல் ஆய்வுகள் தொடங்கின.

வெங்காயம் தரம் பிரிப்பது போல

புள்ளிவிபரவியல் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. அதன் அடிப்படை கமக்காரருக்குப் பழக்கமானதே. வெங்காயத்தைக் கிண்டி, காயவைத்து, முற்றத்தில் குவித்தபின் என்ன செய்வோம்? பெரியது, சிறியது, அழுகல், விதைக்கு ஏற்றது எனப் பிரிப்போம். கையும் கண்ணும் அனுபவமும் அந்த வேலையைச் செய்கின்றன.

இதையே அளவைகளைக் கொண்டு செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெங்காயத்தின் நிறை, குறுக்களவு, ஈரத்தன்மை மூன்றையும் எழுதுகிறோம். எந்த வெங்காயத்துக்கும் பெயர் கொடுப்பதில்லை. முதலில் உத்தேசமாக மூன்று குவியல்களை ஏற்படுத்துகிறோம். ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி நிறை, சராசரிக் குறுக்களவு, சராசரி ஈரம் என்ன என்று பார்க்கிறோம். பின்னர் ஒவ்வொரு வெங்காயத்தையும் எடுத்து, எந்தக் குவியலின் சராசரிக்கு அது மிக நெருக்கமாக இருக்கிறதோ அதில் போடுகிறோம். சில வெங்காயங்கள் இடம் மாறும். சராசரிகளும் மாறும். மீண்டும் கணக்கிட்டு மீண்டும் மாற்றுகிறோம். எந்த வெங்காயமும் இடம் மாறாத நிலை வரும்போது வேலை முடிகிறது. நூற்றுக்கணக்கான மனிதரையும் பத்துப் பதினைந்து அளவைகளையும் கொண்டு இதைச் செய்ய வேண்டியிருப்பதால் கணினியின் உதவி தேவைப்படுகிறது.

மனிதரை இவ்வாறு ஆராயும்போது நிறைக்கும் குறுக்களவுக்கும் பதிலாகக் கேள்விகளுக்கான விடைகள் வருகின்றன. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறார்? எந்த வயதில் தொடங்கினார்? வீதியில் யாராவது முந்திச் சென்றால் ஆத்திரம் வருகிறதா? நித்திரை வருகிறதா? தன் வாழ்வு தன் கையில் இருப்பதாக நினைக்கிறாரா? முன்னர் எத்தனை விபத்துகள், எத்தனை வழக்குகள்? ஒவ்வொரு விடைக்கும் ஓர் எண். அந்த எண்களால் நெருங்கியவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்கிறார்கள்.

இங்கே இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது. முதலாவது, எதை அளக்கிறோமோ அதன்படியே கூட்டங்கள் அமையும். வெங்காயத்தின் நிறத்தை அளக்காவிட்டால் நிறத்தினால் பிரிக்க முடியாது. இரண்டாவது, எத்தனை குவியல் என்பதை இறுதியில் தீர்மானிப்பவர் மனிதரே.

ஆய்வாளர் கண்ட வகைகள்

குடிப்பவரை வகைப்படுத்தும் முயற்சிகளில் மிகவும் பெயர்பெற்றது ஜெலினெக் என்பவருடையது. 1960இல் வெளிவந்த நூலில் அவர் ஐந்து வகைகளைக் கூறி, அவற்றுக்குக் கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டார். மனவேதனையை ஆற்றக் குடிப்பவர், கட்டுப்பாட்டை இழந்து குடிப்பவர், நாள்தோறும் குடிக்காமல் இருக்க முடியாதவர், இடையிடையே சில நாள் வெறித்தனமாகக் குடிப்பவர் என்றவாறாக அப்பிரிவு அமைந்தது. அது அனுபவத்தாலும் சிந்தனையாலும் ஆன பிரிவு.

மதுபோதையில் வாகனம் ஓட்டிப் பிடிபட்டவர்களை எண்களால் கூட்டம் பிரித்த ஆய்வுகள் 1970களின் இறுதியில் அமெரிக்காவில் வரத் தொடங்கின. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸ்ரியர், பைன், ஸ்கோல்ஸ் என்போர் 1979இல் வெளியிட்ட ஆய்வு, பிடிபட்ட ஆண்களை ஏழு கூட்டங்களாகப் பிரித்தது. 1982இல் டொனவன், மார்லற் ஆகியோர் ஐந்து கூட்டங்களைக் கண்டனர்.

டொனவன் – மார்லற் ஆய்வு எமக்கு முக்கியமானது. அந்த ஐந்து கூட்டங்களில் ஒன்றில் ஆத்திரம் மேலோங்கியிருந்தது. வீதியில் பிறரோடு போட்டி, விறுவிறுப்பை நாடும் குணம், பகைமை உணர்வு என்பன அக்கூட்டத்தவரிடம் காணப்பட்டன. இன்னொரு கூட்டத்தவரிடம் மனச்சோர்வும் உள்ளே அடக்கிய மனக்குறையும் இருந்தன. தம் வாழ்வு தம் கட்டுப்பாட்டில் இல்லை என்று எண்ணுபவர்கள் அவர்கள். எஞ்சியோருள் குணவியல்பில் பொதுமக்களிடமிருந்து பெரிதும் வேறுபடாதவர்களும் இருந்தனர். பிடிபட்ட குற்றம் ஒன்றே. பிடிபட்ட மனிதரோ பலர்.

1992இல் பேபர் என்பவரும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சைக்கு வந்த 321 பேரை 17 அம்சங்களைக் கொண்டு இரண்டே கூட்டங்களாகப் பிரித்தது. பிந்திய வயதில் குடிக்கத் தொடங்கி, ஒப்பீட்டளவில் குறைந்த பாதிப்புக்குள்ளானோர் ஒரு கூட்டம். இளவயதில் தொடங்கி, பரம்பரையிலும் குடிப்பழக்கம் இருந்து, கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் மற்றக் கூட்டம்.

ஏழு, ஐந்து, இரண்டு என எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்று வாசகர் கேட்கலாம். அளந்தவை வேறு, அளக்கப்பட்ட மக்களும் வேறு என்பதே விடை. தோட்ட மண்ணைச் செம்மண், இருவாட்டி, களி எனச் சொல்கிறோம். ஆனால் இரண்டு காணிகளுக்கு நடுவே ஒரு மண் முடிந்து மற்ற மண் தொடங்கும் கோடு எங்காவது உண்டா? மனித வகைகளும் அத்தகையவையே. அவை வழிகாட்டும் அடையாளங்கள், வேலிகள் அல்ல.

எமது மக்களும் இந்த வகைகளும்

மேற்கூறிய ஆய்வுகள் யுத்தத்தையும் இடப்பெயர்வையும் அளக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் உளநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் எமது மக்களின் மனங்களில் ஏற்படுத்திய காயங்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலையே எழுதினார். தனிமனிதருக்கு மட்டுமன்றி, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே அந்தக் காயம் ஏற்பட்டது என்பதை அவரது பிற்கால எழுத்துகள் வலியுறுத்துகின்றன.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களின் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. சில இன்னும் விடுவிக்கப்படவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் ஒரே இரவில் யாழ்ப்பாண நகரையும் வலிகாமத்தையும் விட்டு நடந்தவர்கள், 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் என இந்த வரிசை நீளும். விதைக்கும் காலத்தையும் அறுக்கும் காலத்தையும் தானே தீர்மானித்த ஒருவர், நகரத்தில் பிறர் கைகாட்டும் இடத்துக்கெல்லாம் வண்டி ஓட்டும்போது, வாழ்வு தன் கையில் இல்லை என்ற எண்ணம் வருவது இயல்பு. இது குற்றத்துக்கு நியாயமாகாது. ஆனால் அத்தகையவரைச் சந்தியில் நிறுத்தி ஏசுவதால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். அன்றிரவு அவர் இன்னும் அதிகமாகக் குடிப்பார்.

வேறொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். ஊரில் தவறணையில் கள்ளுக் குடித்தவர் நடந்தோ சைக்கிளிலோ வீடு திரும்பினார். விழுந்தால் வேலியோரத்தில் விழுந்தார். கொழும்பில் அதே மனிதரின் கையில் வண்டி இருக்கிறது. பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். முன்னால் காலி வீதி இருக்கிறது. பழக்கம் பழையது, ஆபத்து புதியது. கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும் "ஒரு சின்னத் துளி" என்று கையில் கொடுப்பவர்கள் இந்த மாற்றத்தை உணர்வதில்லை.

வகை அறிந்தால் சிகிச்சை எளிதாகுமா?

வகைகளைக் கண்டபின் ஆய்வாளர்கள் ஒரு பெரிய எதிர்பார்ப்போடு இருந்தனர். மண்ணுக்கு ஏற்ற பயிர் போல, மனிதருக்கு ஏற்ற சிகிச்சையைத் தெரிந்து கொடுத்தால் பலன் பன்மடங்காகும் என அவர்கள் நம்பினர். இதைச் சோதிக்க அமெரிக்காவில் 'புரொஜெக்ட் மட்ச்' என்ற பெயரில் ஒரு மாபெரும் ஆய்வு நடந்தது. மதுப்பழக்கத்துக்காகச் சிகிச்சைக்கு வந்த 1,726 பேர் மூன்று விதமான சிகிச்சைகளுள் ஒன்றுக்குக் குலுக்கல் முறையில் அனுப்பப்பட்டனர். அதன் முக்கிய முடிவுகள் 1997இல் வெளிவந்தன.

முடிவு பலருக்கு ஏமாற்றமளித்தது. மூன்று சிகிச்சைகளும் ஏறக்குறைய ஒரே அளவான முன்னேற்றத்தைக் கொடுத்தன. எதிர்பார்க்கப்பட்ட பொருத்தங்களில் பெரும்பாலானவை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், வைத்தியசாலையில் தங்காமல் சிகிச்சை பெற்றோரைத் தொடர்ந்து கவனித்தபோது இரண்டு பொருத்தங்கள் நிலைத்து நின்றன. எமது குடும்பங்கள் மனத்தில் பதிக்க வேண்டியவை இவையே.

ஒன்று, ஆத்திரம். அதிக ஆத்திரமுள்ளவர்களுக்கு, எதிர்த்து மோதாமல், அவர்களின் வாயாலேயே மாற்றத்துக்கான காரணத்தைச் சொல்ல வைக்கும் மென்மையான முறை கூடுதலாக உதவியது. முரட்டு மனிதருக்கு முரட்டுப் பேச்சே மருந்து என்ற எமது எண்ணத்துக்கு இது நேர் எதிரானது.

இரண்டு, கூட்டாளிகள். தன்னைச் சுற்றியுள்ளவர்கள் குடியை ஊக்குவிப்பவர்களாக இருந்த ஒருவருக்கு, மதுவிலிருந்து விடுபட்டோர் ஒன்றுகூடும் சங்கங்களுக்கு வழிகாட்டிய சிகிச்சை, மூன்று ஆண்டுகளின் பின்னர் கூடுதலாக உதவியிருந்தது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய அற்ககோலிக்ஸ் அனோனிமஸ் இத்தகைய சங்கமாகும். கொழும்பிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. குடிக்காத கூட்டாளி ஒருவர் கிடைப்பது பெரிய மருந்து.

மதுபோதையில் வாகனம் ஓட்டியவர்களுக்கான கல்வியும் ஆலோசனையும் எவ்வளவு பயன் தருகின்றன என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1995இல் வெல்ஸ்–பாக்கர் என்பவரும் குழுவினரும் 215 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். மீண்டும் குற்றம் செய்வதும் மதுவினாலான விபத்துகளும் 7 முதல் 9 சதவீதம் வரை குறைந்திருந்தன. சிறிய எண்தான். ஆனால் வகுப்பு, ஆலோசனை, தொடர்ந்த கண்காணிப்பு என்பவை ஒன்றாகச் சேர்ந்தபோது பலன் கூடியது. அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவதற்கு இவை மாற்றீடாக மாட்டா என்பதும் அதில் சொல்லப்பட்டது. தண்டனையும் தேவை, அதன் பின்னர் ஒருவர் கூட நடப்பதும் தேவை.

களையும் கோதுமையும்

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இரண்டு உவமைகள் அருகருகே வருகின்றன. விதைப்பவன் உவமையில் விதை ஒன்றே, விழுந்த நிலமோ நான்கு வகை. வழியோரம், பாறை, முட்புதர், நல்ல நிலம். நிலம் அறியாமல் விதைத்தால் விளைவு இல்லை என்பதைக் கமக்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அடுத்த உவமையில் வேலைக்காரர் களையைப் பிடுங்க அவசரப்படுகின்றனர். வீட்டெசமான் தடுக்கிறார். களையோடு கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்பது அவரது பயம்.

வகைப்படுத்தல் முதலாவது உவமைக்கு உதவ வேண்டும். இரண்டாவதில் வரும் வேலைக்காரரின் அவசரத்துக்கு உதவக்கூடாது. "உவன் திருந்தாத வகை" என்று ஒருவருக்குப் பட்டம் சூட்டிவிட்டால், அவர் வேலை தேடும் இடத்திலும், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் இடத்திலும் அது தொடரும். ஒரு கூட்டத்தின் சராசரி அக்கூட்டத்திலுள்ள ஒரு மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லாது. ஏற்கெனவே 'அகதி' என்ற பட்டத்தைச் சுமந்த எமக்கு, பட்டம் ஒன்றின் பாரம் தெரியாததன்று.

குடும்பம் என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. 'ஓடிற்' என்பது அதன் பெயர். எவ்வளவு, எத்தனை தடவை, நிறுத்த முடியாமல் போனதுண்டா, காலையில் எழுந்ததும் தேவைப்பட்டதா, யாருக்காவது காயம் ஏற்பட்டதா என்பன போன்ற கேள்விகள் அதில் உள்ளன. புள்ளிகள் 0 முதல் 40 வரை. 8இலிருந்து 15 வரை எளிய அறிவுரை. 16இலிருந்து 19 வரை ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும். 20உம் அதற்கு மேலும் என்றால் வைத்தியரின் பரிசோதனை அவசியம். குடும்ப வைத்தியரிடமோ உளநலப் பிரிவிலோ இதைக் கேட்டுப் பெறலாம்.

படிவம் கையில் இல்லாவிட்டாலும், கீழ்வரும் நான்கு நிலைமைகளுள் எது எமது வீட்டுக்கு நெருக்கமானது என்று பார்க்கலாம். ஒருவரிடம் இரண்டு நிலைமைகள் சேர்ந்தும் இருக்கலாம்.

1. எப்போதாவது குடிப்பவர், கொண்டாட்டத்தில் குடித்துவிட்டு வண்டி எடுப்பவர். இவருக்குச் சிகிச்சை தேவையில்லை; ஏற்பாடு தேவை. கலியாணவீட்டுக்குப் போகும்போது வண்டியை வீட்டிலேயே விடவேண்டும். இல்லையேல் திறப்பைப் போகும்போதே மனைவி வாங்கி வைத்திருக்க வேண்டும். குடித்தபின் திறப்பைக் கேட்டால் சண்டைதான் வரும். முதல்நாள் இரவு குடித்த மதுவின் கணக்கையும் இவருக்குச் சொல்லுங்கள். காலைப் பள்ளி ஓட்டத்தை ஒரு நாள் இன்னொருவரிடம் ஒப்படைப்பது இழப்பாகாது.

2. ஆத்திரக்காரர், வீதியிலும் வீட்டிலும் போட்டிபோடுபவர். வெறியில் இருக்கும்போது இவரோடு வாக்குவாதம் செய்யவேண்டாம். மறுநாள், வேறு யாரும் இல்லாதபோது, குற்றஞ்சாட்டாமல் தொடங்குங்கள். "இஞ்சருங்கோ, ராத்திரி நீங்கள் வருமட்டும் பிள்ளை யன்னலடியிலை நிண்டவள். உங்களுக்கு என்ன செய்யலாம் எண்டு படுகுது?" என்பது போன்ற கேள்வி, பத்து ஏச்சை விட அதிகம் செய்யும். அடியும் வன்முறையும் இருந்தால் பொறுமை காப்பது கடமையன்று. பெண்ணும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதே முதல் வேலை. பின்னர் பங்குத்தந்தையிடமோ அருட்சகோதரிகளிடமோ பொலிசாரிடமோ உதவி கேட்கலாம்.

3. மனம் சோர்ந்தவர், தனியே குடிப்பவர். நித்திரையின்மை, சாப்பாட்டில் விருப்பமின்மை, பழைய இழப்புகளையே பேசுதல், "நான் இருந்தென்ன" என்ற வார்த்தை என்பன அடையாளங்கள். இங்கே குடி நோயின் ஒரு பகுதி மட்டுமே. இத்தகையவரை அவமானப்படுத்துவது ஆபத்தானது. உளநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். ஊர் திரும்பியவர்களுக்குத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு.

4. குடிக்கு அடிமையானவர். காலையில் கை நடுக்கம், குடித்தால்தான் நடுக்கம் தீர்வது, நாளுக்கு நாள் அளவு கூடுவது என்பன அடையாளங்கள். இவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரெனக் குடியை நிறுத்தச் செய்யாதீர்கள். சில மணித்தியாலங்கள் முதல் சில நாட்களுக்குள் வலிப்பும், இல்லாததைக் காணும் மனக்குழப்பமும் வரக்கூடும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். கோயிலில் சத்தியம் செய்வது நல்லதே. ஆனால் சத்தியத்துக்கு முன் வைத்தியரிடம் போகவேண்டும். கொழும்பு ஹோர்ட்டன் பிளேசில் சுமித்திரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம், போதைக்கு அடிமையானோருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்கி வருகிறது.

இந்த நான்கு நிலைமைகளிலும் பொதுவான ஒரு விதி உண்டு. குடித்தவர் கையில் வண்டித் திறப்பு இருக்கக்கூடாது. வகை எதுவானாலும் இதில் விலக்கில்லை.

பங்கும் தரிப்பிடமும்

குடும்பத்தால் மட்டும் இதைச் செய்ய முடியாது. ஓட்டோத் தரிப்பிடம் என்பது இன்று எமது ஆண்களின் ஊர்க்கூட்டம். நாள் முடிவில் பணம் போட்டு ஒரு போத்தல் வாங்கும் பழக்கம் அங்குதான் தொடங்குகிறது. அதை மாற்றும் பழக்கமும் அங்குதான் தொடங்க முடியும். குடித்தவரின் வண்டியை அன்றிரவு இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று தரிப்பிடத்தவர் நாலு பேர் தமக்குள் ஓர் இணக்கம் செய்யலாம். தண்டப்பணம் 25,000 ரூபாவோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மரண உதவிச் சங்கம், சீட்டு என்பவற்றை நடத்தத் தெரிந்த எமக்கு இது பெரிய காரியமன்று.

பங்குகளில் மாதம் ஒருமுறையாவது, குடியை விட விரும்புவோர் கூடுவதற்கு ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். அங்கே பெயர்ப் பதிவேடு வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். பிடிபட்டு அனுமதிப்பத்திரம் இழந்த ஒருவருக்கு அந்த மாதங்களில் வேறு வருமானம் தேடிக்கொடுப்பதும் இப்பணியின் பாகமே. வருமானமின்றி வீட்டில் இருக்கும் மனிதருக்கு முன்னால் பகல் முழுவதும் நீண்டு கிடக்கிறது. அந்தப் பகல்தான் அவரை மீண்டும் போத்தலுக்கு அழைத்துச் செல்கிறது.

செம்மண்ணில் விளைவதைக் களிமண்ணில் எதிர்பார்த்து ஏமாந்த கமக்காரர் எம்மிடையே இல்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே பயிரைத் தீர்மானித்தவர்கள் நாங்கள். எமது வீட்டு ஆண்களிடமும் அதே நிதானத்தைக் காட்டுவோம். முதலில் திறப்பை வாங்கி வைப்போம். விடிந்தபின் அருகில் இருந்து, எதற்காகக் குடிக்கிறார், யாரோடு குடிக்கிறார் என்ற இரண்டையும் கேட்போம். புத்தி சொல்வதென்றால் அதன் பிறகு சொல்லலாம்.